நிம்தலாவில் எடுத்த மரம்: ஒரு நகைப்பெட்டிக்காகக் கல்கத்தா போன கதை

போன மாதம் ஒரு வாசகி கேட்டிருந்தார். மகளுக்குக் கல்யாணம், நகைப்பெட்டி ஒன்று செய்ய வேண்டும், எந்த மரம் நல்லது, கொல்கத்தாவில் மர வேலை நன்றாக இருக்கும் என்கிறார்களே, அதற்காக ஒரு நடை போய் வரலாமா என்று. போய் வரலாம். நான் போயிருக்கிறேன். ஆனால் நான் போனது 1979 தை மாதம். ஊர் பெயரே அப்போது கல்கத்தா. ஆகவே நான் கொடுத்த விலையெல்லாம் உங்களுக்கு உதவாது. மரங்கள் மட்டும் அன்றைக்கு இருந்த குணத்தோடு அப்படியேதான் இருக்கின்றன.

அப்போது நான் சென்னை வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தத்தில் யார் வீட்டில் நிலை வைத்தாலும் மரம் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்கத்தாவிலிருந்து சித்தி கூப்பிட்டதும் அதற்காகத்தான். சித்தி என் அம்மாவின் தங்கை. அவருடைய ஒரே மகள் சியாமளாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தபன் வங்காளி, பாலிகஞ்சில் சியாமளா வேலை பார்த்த அதே ஆபீஸ். சித்தி மாயவரத்திலிருந்து கல்யாணமாகிக் கல்கத்தா வந்தபோது நகைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ரயிலில் வழி நெடுக மடியில் வைத்துக்கொண்டே வந்தவர். அதற்கப்புறமும் அவை டின்னிலேயே இருந்தன. மகளின் நகை டின்னில் போகக்கூடாது, நல்ல மரப்பெட்டியில் போக வேண்டும் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

ஒரே நிபந்தனை என்று எழுதிவிட்டேன், சகுனத்தை மறந்துவிட்டேன். அந்தக் கல்யாணத்துக்கு அதற்கு முன்பே இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் சித்தி தள்ளிப்போட்டிருந்தார். முதல் முறை, நாள் குறித்துத் தாம்பூலம் மாற்றும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அன்றைய கல்கத்தாவில் கரண்ட் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனாலும் சித்திக்கு அது சகுனம். இரண்டாவது முறை தபனின் மாமா தும்மிவிட்டார், பாவம், கார்த்திகைக் குளிர். மூன்றாவதாக இந்தத் தை மாத நாள். இதுவும் தள்ளிப்போனால் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று தபன் சியாமளாவிடம் சொல்லியிருந்தார். சியாமளா எனக்கு எழுதிய கடிதத்தில் பெட்டியைப் பற்றி இரண்டு வரி, மீதி முழுக்க இதுதான். "அண்ணா, மரம் எதுவா இருந்தாலும் சரி, அம்மா குறை சொல்ல முடியாத மரமா எடு" என்று முடித்திருந்தாள்.

சென்னை சென்ட்ரலிலிருந்து ஹவுரா 1,660 கிலோமீட்டர் சொச்சம். இரவு மெயிலில் ஏறினால் நடுவில் ஒரு முழுப் பகல், பிறகு இன்னொரு இரவு. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளாமல் போனேன். மூன்றாம் நாள் விடியலில் சாந்த்ராகாச்சி யார்டில் வண்டி சிக்னலுக்காக நின்றபோது பல் கிட்டித்துப்போனது. சித்தப்பா வேலை பார்த்தது அந்த யார்டில்தான். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சியாமளாவின் ஆபீசுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று டாக்குரியாவில் வாடகைக்கு வந்திருந்தார்கள். ஹவுராவிலிருந்து டாக்குரியா ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். மெட்ரோவுக்காக நகரத்தின் நடுரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. டாக்ஸியில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

சித்தி வீட்டில் காபி குடித்து முடிக்குமுன்பே மர விவாதம் தொடங்கிவிட்டது. அவர் மனதில் இருந்தது சந்தனம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சந்தனப் பெட்டி பார்க்க அழகு, மணக்கும், ஆனால் நகை வைக்க ஏற்றதல்ல. அந்த எண்ணெய் பட்டு முத்து மங்கிப்போனதை எங்கள் கடை முதலாளி வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். சித்தியிடம் ஒரு முத்து அட்டிகை இருந்தது. அதைச் சொன்னதும் சந்தனம் போயிற்று. அடுத்து வேம்பு என்றார், பூச்சி வராது என்று. "கல்யாணத்துல கசப்பு எதுக்கும்மா" என்றாள் சியாமளா. அவளும் சகுனத்தை வைத்துத்தான் சித்தியை மடக்கக் கற்றிருந்தாள்.

மறுநாள் நான், சித்தி, தபன் மூவரும் பௌபஜார் போனோம். டாக்குரியாவிலிருந்து லோக்கல் ரயிலில் சியால்டா, இருபது நிமிடம். அங்கிருந்து மேற்கே பத்து நிமிட நடை. நகைப்பெட்டி வாங்குகிறவர்களுக்கு அதைவிடத் தோதான தெரு கிடையாது. வரிசையாக நகைக்கடைகள், அவற்றைத் தாண்டினால் வரிசையாக மரச்சாமான் கடைகள். தபனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒல்லியான ஆள், கம்பளி மஃப்ளரைக் கழுத்திலிருந்து தலைவரை சுற்றியிருந்தார், குறைவாகப் பேசுவார். சித்தி அவரை அவர் இல்லாதபோது "அந்தப் பையன்" என்பார், இருக்கும்போது எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவர் சித்தியை மாஷிமா என்றுதான் கூப்பிட்டார், வங்காளியில் சித்தி என்று அர்த்தம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மாஷிமா. இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்ததால் சித்திக்கு வங்காளி தண்ணீர் பட்ட பாடு. எனக்குத்தான் ஜாடை மட்டும். ஆகவே இதில் வரும் வங்காளிப் பேச்சையெல்லாம் நான் புரிந்துகொண்ட வகையில், சித்தி பிறகு சொன்ன வகையில், தமிழில் தருகிறேன்.

முதல் கடையில் காட்டியது பழைய பர்மா தேக்கு. பெரிய மாளிகைகளை இடிக்கும்போதும் விற்கும்போதும் வருகிற பீரோ, கட்டில், உத்தரக்கட்டைகளை அறுத்துச் செய்வது. ஐம்பது அறுபது வருடம் காய்ந்த மரம், இனிமேல் சுருங்காது, வளையாது, கறையான் கிட்டே வராது. மரக்கடைக்காரனாகச் சொல்கிறேன், அன்று அந்தத் தெருவில் இருந்த மரங்களிலேயே அதுதான் முதல் தரம். சித்தி தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு இது முன்னால் என்னவாக இருந்தது என்று கேட்டார். கடைக்காரர் பெருமையாக, ஒரு ஜமீன்தார் வீட்டுக் கட்டில் என்றார். சித்தி கையை எடுத்துவிட்டார். அந்தக் கட்டிலில் யார் யார் எப்படிப் போய்ச் சேர்ந்தார்களோ என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அன்றைக்கு அவர் போட்ட சட்டம்: புது மரமாக இருக்க வேண்டும், யார் வீட்டிலும் இருந்திருக்கக் கூடாது.

அடுத்த கடையில் மஹோகனி. சிவப்பாகப் பளபளவென்று இருந்தது, எனக்குச் சந்தேகம். பெட்டியைத் தலைகீழாக்கி அடிப்பலகையில் நகத்தால் கீறினேன். சிவப்பு நகத்தோடு வந்துவிட்டது. உள்ளே வெளிறிய ஏதோ ஒரு மரம். மஹோகனி பிரமாதமான மரம்தான், ஆனால் சாயம் போட்டு அதன் பெயரில் விற்பது அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. மூன்றாவது கடையில் தேவதாரு. இலேசானது, மணக்கும், துணிப்பெட்டிக்குச் சரி. வெயில் காலத்தில் பிசின் கசியும். வெல்வெட்டில் ஒட்டி, அதிலிருந்து நகையில் ஒட்டும். நான்காவதில் தேயிலைப் பெட்டி பிளைவுட்டின் மேல் மெல்லிய தேக்குத் தோல் ஒட்டிய பெட்டிகள். மழைக்காலம் ஒன்று வந்துபோனால் தோல் உரிந்து கையோடு வரும். மாம்பலகையை யாரும் முன்னால் காட்டுவதில்லை, பின்பக்கத்துக்கும் அடிக்கும் போட்டுவிடுவார்கள். உளுத்துப்போகிற மரம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு சந்துக்குள் பெட்டி மட்டுமே செய்கிற ஒரு மிஸ்திரியை, நம் கணக்கில் தச்சரை, தபன் கண்டுபிடித்தார். மிஸ்திரி வாயாடி. வெற்றிலை போட்டுக்கொண்டு, கவர்னர் வீட்டுக்கே பெட்டி செய்தவன் என்று ஆரம்பித்தார். ஆனால் அலமாரியில் இருந்த பெட்டிகளின் மூலை இணைப்பு முடி நுழையாதபடி இருந்தது. நான் கேட்டது இதுதான்: வெளிப்பலகை சிசு, உள்தட்டுகளும் அடியும் காமார். சிசு என்பது நம் ஈட்டிக்குச் சித்தப்பா பிள்ளை. கனம், கறும்பழுப்பில் கோடு கோடாக ரேகை, தேய்த்தால் கண்ணாடி. காமார் நம் ஊர் குமிழ் மரம். வெளிர் நிறம், கனமில்லை, வாசனையில்லை, மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. நகைக்கு வாசனையில்லாத மரம் முக்கியம். வாசனையும் ஈரமும் உள்ள மரத்தில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். மிஸ்திரி என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மரம் நீங்கள் கொண்டுவாருங்கள், கூலி மட்டும் எனக்கு என்றார்.

அளவு எடுப்பதில் ஒரு கூத்து. வங்காளிப் பெட்டியில் கழுத்து ஆரத்துக்கு நீளப் பள்ளம், வளையலுக்கு வட்டப் பள்ளம், நெற்றிச் சுட்டிக்குச் சின்ன அறை, அவ்வளவுதான். சித்தி கையோடு கொண்டுவந்திருந்த ஒட்டியாணத்தை எடுத்து நீட்டினார். மிஸ்திரி அதை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்து, துர்கா பிரதிமைக்கா என்று கேட்டார். பெண்தான் கட்டிக்கொள்வாள் என்றதும் சித்தியையும் ஒட்டியாணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்காகவே பெட்டி பதினாறு அங்குல நீளமாயிற்று. தபனின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தபடி, வங்காளிக் கல்யாணப் பெண் போடுகிற சங்கு வளையல்களுக்கு மெத்தை போட்ட தனிக்குழியும் சேர்த்தோம். சங்கு லேசில் விரிசல் விட்டுவிடும்.

சித்தி நகைக்கடையில் தோட்டுத் திருகு மாற்றப் போயிருந்த நேரத்தில், மரம் எங்கே வாங்குவது என்று மிஸ்திரியிடம் கேட்டோம். அவர் நிம்தலா என்றார். தபனும் ஆமாம், வேறெங்கே என்பதுபோலத் தலையாட்டினார். எனக்கு அந்தப் பெயர் எதையும் நினைவூட்டவில்லை. மறுநாள் நானும் தபனும் மட்டும் போனோம். சித்பூர் ரோடு டிராமில் போய் இறங்கி, கங்கையை நோக்கி மேற்கே ஒரு கிலோமீட்டர் நடை. நடக்க நடக்க மரத்தூள் வாசனை வந்துவிட்டது. அந்த வாசனையில் பிழைத்தவன் நான், மனம் குளிர்ந்துபோயிற்று. இரண்டு பக்கமும் அறுவை மில், மரக்கடை, பலகை அடுக்கு, கட்டைகள் ஏற்றிய தள்ளுவண்டிகள். வால்டாக்ஸ் ரோடு மாதிரி மூன்று மடங்கு.

கடைக்காரர் இரண்டு சிசுப் பலகைகளை எடுத்துப் போட்டார். நான் கோடு பார்க்குமுன் தபன் குனிந்து விரல் முட்டியால் தட்டினார், காதைக் கிட்டே வைத்துக் கேட்டார், ஒன்றைத் தள்ளிவிட்டார். அவர் தள்ளியது சரி. அதில் ஈரம் இருந்தது. குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். இங்கேதான் ஒரு முறை கற்றுக்கொண்டேன் என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை. பலகைகளைக் கட்டி வண்டியில் ஏற்றும்போது தெருவில் 'ஹரி போல்' என்று குரல் கேட்டது. ஒரு பாடையைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் வேகமாகப் போனார்கள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மரக்கடை வரிசை முடிகிற இடத்தில் புகை.

நிம்தலா கல்கத்தாவின் பழைய சுடுகாடு. ஆற்றோரமாக மரம் வந்து இறங்கிய இடமும் அதுதான், எரிக்கிற இடமும் அதுதான், ஒன்றை ஒட்டி ஒன்று. கல்கத்தாக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஏதுமில்லை. எனக்குச் சித்தியின் சகுனங்கள் நினைவுக்கு வந்தன. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அப்போது எனக்குத் தெரியாது: சித்தப்பா. அவரைச் சாந்த்ராகாச்சியிலிருந்து கொண்டுபோய் வடகல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அங்கேயே இறந்துபோனார். சித்தியும் சியாமளாவும் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்ததோடு சரி, ஆண்கள் அங்கிருந்து நேரே நிம்தலாவுக்குத்தான் கொண்டுபோனார்கள். கரக்பூரில் ரயில்வேயில் இருந்த சித்தப்பாவின் தம்பி வந்து கொள்ளி வைத்தார் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டபோது இடத்தின் பெயர் என் காதில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து சியாமளாவிடம் சொன்னதும்தான் அவளே எடுத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, அம்மா காதுக்குப் போகவேண்டாம், போனால் இந்தக் கல்யாணம் அவ்வளவுதான் என்றாள். கரண்ட் போனதற்கே ஆறு மாதம் தள்ளியவர், இதற்கு என்ன செய்வார் என்று எனக்கும் தெரிந்தது.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மிஸ்திரியே பெட்டியைத் துணியில் சுற்றி டாக்குரியாவுக்குக் கொண்டுவந்தார். சொன்ன நாளுக்கு மூன்று நாள் தாமதம். ஆனால் துணியை அவிழ்த்ததும் யாருக்கும் கோபம் வரவில்லை. மூடியில் சிசுவின் ரேகை ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த தடம் போல ஓடியது. உள்ளே தந்த நிறத்தில் காமார்த் தட்டுகள், சிவப்பு வெல்வெட், ஒட்டியாணத்துக்கு நீளப் பள்ளம். சித்தி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மிஸ்திரிக்குப் பில்டர் காபி கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். சித்தி சந்தோஷத்தில்தான் கேட்டார், இவ்வளவு நல்ல மரம் எங்கே கிடைத்தது என்று.

"நிம்தலா, மா. கல்கத்தாவில் மரம் என்றால் நிம்தலாதான்."

சித்தியின் கை மூடியின் மேல் நின்றுவிட்டது. மிஸ்திரிக்கு என்ன தெரியும், அவர் பாட்டுக்கு, நீங்கள் படுக்கிற கட்டில், அதோ சுவரில் சாமி வைத்திருக்கும் மாடம், எல்லாமே நிம்தலா மரம்தான் என்று பேசிக்கொண்டே போனார். சித்தி பெட்டியை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். உள்ளே எழுந்து போனார். சியாமளா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் மிஸ்திரிக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பியபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் சித்தி குளித்து, வெளியே போகும் புடவையில் வந்து நின்றார். "அந்த எடத்த நான் பாக்கணும். அந்தப் பையனையும் வரச் சொல்லு" என்றார். சியாமளா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். தபனிடம் நேருக்கு நேராகக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். சியாமளாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் மூடி வைத்த பெட்டியைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். எனக்கு மனசே சரியில்லை.

டாக்ஸி. பாலிகஞ்சில் தபன் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். நிம்தலா என்று அவர் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் சித்தியைப் பார்த்து, யார் காலமானது என்று மெதுவாகக் கேட்டார். யாருமில்லை, மரம் வாங்க என்று தபன் சொன்னார். டிரைவருக்கு அதுவும் சரியாகவே பட்டது. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

சித்தி தெருவின் இந்த முனையிலிருந்து மெதுவாக நடந்தார். ஒவ்வொரு கடையாகப் பார்த்தார். கட்டில் கால்கள், ஜன்னல் சட்டங்கள், ஒரு கடையில் தொட்டில் கட்டைகள் கூட அடுக்கியிருந்தன. நாங்கள் மரம் எடுத்த கடையைத் தபன் காட்டினார். அதற்கு அப்பால் விறகுக்கடைகள், அதற்கும் அப்பால் புகை. பெண்கள் அந்தப் பக்கம் போகிற வழக்கம் நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. சித்தி அங்கேயே நின்று புகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தபனிடம் திரும்பினார்.

"இந்த எடம் உனக்கு எப்படி இவ்வளவு நல்லாத் தெரியும்?"

தபன் மஃப்ளரைக் கழுத்துக்கு இறக்கினார். "மேஷோமஷாய் போன அன்னிக்கு நானும் வந்திருந்தேன், மாஷிமா." மேஷோமஷாய் என்பது அவர் சித்தப்பாவைச் சொன்னது.

சியாமளாவின் ஆபீசிலிருந்து நாலைந்து பேர் வந்து தோள் கொடுத்தார்கள் என்று சித்திக்குத் தெரியும். அதில் தபனும் ஒருவர் என்பது தெரியாது. அதைச் சொல்லிப் பெண் கேட்டமாதிரி ஆகிவிடும் என்று தபன் சியாமளாவையும் சொல்லவிடவில்லை. அன்றைக்குக் கூட வந்த தமிழ்க்காரர்களுக்கு அந்த இடம் புதிது. விறகு எடுக்கத் தபனைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். கடைக்காரன் அவசரத்தில் ஈரக் கட்டைகளைத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறான். இவர் விடாமல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்திருக்கிறார். எப்படித் தட்டுவது என்று பக்கத்துக் கடை வண்டிக்காரர் ஒருவர் காட்டிக்கொடுத்தாராம். இதையெல்லாம் சித்தி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு வாங்கினார். கடைசியாகக் கேட்டதுதான் என் காதில் இன்னும் இருக்கிறது.

"காஞ்ச மரம்தானா?"

"நல்லாக் காஞ்ச மரம், மாஷிமா. சீக்கிரம் பிடிச்சுது. அவரக் காக்க வைக்கல."

சித்தி முந்தானையால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டார். அந்த வாரம் ஊரே மழையில் நனைந்து கிடந்ததாம். ஈர விறகில் சித்தப்பா என்ன பாடு பட்டாரோ என்று மூன்று வருடமாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்ததைச் சித்தி எனக்கு அப்புறம் சொன்னார். அப்போது நேரே நாங்கள் பெட்டிக்கு மரம் எடுத்த அதே கடைக்குள் போய் நின்றார். என்னைப் பார்த்து, "பொண்ணு உக்கார்ற மணைக்கு ஒரு பலகை வேணும். பலா இருந்தா பலா" என்றார். பிறகு தபனைப் பார்த்து வங்காளியில், "நீயே தட்டிப் பாத்து எடு" என்றார்.

சரி, வாசகி கேட்டதற்கு வருகிறேன். இன்று போகிறவர்கள் ஷோபாபஜார் மெட்ரோவில் இறங்கி ஆட்டோவோ ரிக்‌ஷாவோ பிடிக்கலாம். காலை பத்து மணிக்கு மேல் போங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். சுடுகாட்டுப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள், அங்கே வருகிறவர்கள் சுற்றுலா வரவில்லை. பெட்டிக்கு வெளியே சிசு, அல்லது கிடைத்தால் பழைய தேக்கு, உள்ளே குமிழ். பலாவும் நல்லது, ஆனால் எலுமிச்சை நிறத்தில் வாங்கியது இரண்டு வருடத்தில் காபி நிறமாகும், அது உங்களுக்குச் சம்மதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மரமானாலும் தட்டிப் பாருங்கள்: காய்ந்த பலகை தெளிவாகக் கணீரென்னும், ஈரப் பலகை மந்தமாகத் தொப்பென்னும். பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். புது பாலிஷ் வாசனை முழுக்கப் போகும்வரை ஒரு மாதமாவது திறந்து வைத்துவிட்டு, அதன் பிறகு வெள்ளியையும் முத்தையும் வையுங்கள். ரயிலில் கொண்டுவருவதென்றால் மடியில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, போர்வையில் சுற்றி மேல் பெர்த்தில் வைக்கலாம்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. காலையில் ஒரு சின்னக் கோயிலில் தாலி, மாலையில் வங்காளி முறை. அவர்கள் வழக்கத்தில் பெண்ணை மணையில் உட்காரவைத்து, அண்ணன் தம்பிகள் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையை ஏழு சுற்று வர வேண்டும். பெண்ணின் தாய் அதைப் பார்க்கக்கூடாதாம். சித்தியிடம் சொன்னபோது, அந்தச் சகுனம் எங்கள் ஊரில் கிடையாது என்று முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். நிம்தலாப் பலாவுக்கு நல்ல கனம். ஒட்டியாணத்தோடு சியாமளாவும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா. ஒரு மூலையில் நான், மற்ற மூன்று மூலைகளில் தபனின் நண்பர்கள். மூச்சைப் பிடித்துத் தோளுக்குத் தூக்கினோம்.

கரண்ட் போய்விட்டது.

மேளம் நின்றது. குலவையிட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். முதல் முறை நாள் தள்ளிப்போனது ஏன் என்பது இரண்டு வீட்டாருக்கும் தெரியும். இருட்டில் எல்லோரும் சித்தி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. மேலே வெற்றிலையால் முகத்தை மூடிக்கொண்டிருந்த சியாமளாவும் அந்தப் பக்கம் திரும்பியது மணை வழியாகத் தெரிந்தது.

"இந்த ஊர்ல கரண்ட் போறது புதுசா? நடங்கடா" என்றார் சித்தி.